ஆள் புழங்காத கட்டடம்

மாடிப்படி மூலையில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுத்தான் சோலைமலை மூன்றாம் நம்பர் அறைக்குள் வந்தார். கட்டடம் அவருடையது, எச்சிலும் அவருடையது. அறையில் வாடகைக்கு உட்கார்ந்து பத்திரம், மனு எழுதும் ஆண்டிச்சாமிக்கு, திறந்திருந்த கதவு வழியே அதைப் பார்த்துக் குமட்டியது.

"ஒரு மனு எழுதணும் அப்பு. இதை இடிச்சுட்டு ஆபீசருங்க குடியிருக்க வீடு கட்டப் போறேன். பாழடைஞ்ச, ஆள் புழங்காத கட்டடம்னு போட்டாத்தான் சீக்கிரம் உத்தரவாகும்."

பக்கத்து அறையில் ஜமால் முகமதுவின் டைப்ரைட்டிங் வகுப்பு தடதடத்துக்கொண்டிருந்தது. கீழே தோல் தரகர்கள் நாலு பேர் விலை பேசிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்த வாடகைக்குத் திண்டுக்கல்லில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது.

"நாங்க எங்க போறது?"

"அதைப் பெறகு பாப்போம். மொதல்ல எழுதும்."

மறுத்தால் அடுத்த தெருவில் வேறொருவன் எழுதித் தருவான். ஆண்டிச்சாமி எழுதினார். வழக்கம்போல அடியில் 'எழுதியவர்' என்று தன் பெயரும் விலாசமும் போட்டு நீட்டினார்.

படித்த சோலைமலை முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது? ஆள் புழங்காத கட்டடம்னு மேல எழுதிட்டு, கீழ இதே கட்டடம் மூணாம் நம்பர் ரூம்னு உம்ம விலாசத்தைப் போட்டிருக்கீரு? அதை அடிச்சுட்டு வீட்டு விலாசத்தைப் போடும்."

பத்தொன்பது வருஷமாகக் கை தானாக எழுதிவந்த வரி அது. நேராக ஒரு கோடு இழுத்து அதை அடித்தார். அடித்தது தான்தான் என்பதற்கு ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். தொழில் முறை அப்படி.

இந்தத் தடவை அவருக்குக் குமட்டியது அந்தக் கையெழுத்தைப் பார்த்து.