பூச்சு இருந்த பக்கம்

தான் கண்டுபிடித்த படலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தம்பி லேசில் ஓயமாட்டான். ரப்பர் போல வளையும் பாலிமர் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், மயிரிழையைவிட மெல்லிய வெள்ளி இழைகள் கலந்த பூச்சைப் பூசியிருந்தான். விரலில் ஒட்டினால் இதமாகச் சூடு கொடுக்கும். விரல் எவ்வளவு மடங்கியது என்றும் சொல்லும். பக்கவாதத்தில் வலது கை முடங்கிப்போன அக்காவுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தான்.

அன்று ஆய்வுக்கூடத்துக்கு மருத்துவமனைக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் படலம் நோயாளிகளிடம் போகும். அக்காவின் சுட்டுவிரல் முதுகில் அதை ஒட்டினான். விரல் மடங்கினால் மேசைமேல் பச்சை விளக்கு எரிய வேண்டும்.

"மடக்குக்கா."

எரியவில்லை.

"இன்னும் நல்லா. வீட்ல பாதியாவது மடக்கினியே!"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். விளக்கு எரியக் காணோம்.

"நீ முயற்சியே பண்ண மாட்டேங்கிற!" அத்தனை பேர் முன்னால் குரல் உயர்ந்துவிட்டது.

கடுப்போடு குனிந்து பார்த்தவன், படலத்தில் மெல்லிய கீறல்களைக் கண்டான். சோதனைக் கருவியில் ஆயிரக்கணக்கான தடவை மடக்கிப் பார்த்த படலம்தான். ஆனால் அப்போதெல்லாம் பூச்சு மடிப்பின் உள்பக்கம் இருக்கும். அங்கே அது ஒடுங்கும், விரியாது. இன்று ஒயர் மாட்ட வசதி என்று பூச்சை வெளிப்பக்கமாக வைத்து ஒட்டியிருந்தான். விரல் மடங்க, பூச்சு இழுபட்டு வெடித்து, மின்னோட்டம் அறுந்துவிட்டது. படித்த முட்டாள் என்று சும்மாவா சொல்கிறார்கள்!

அப்போதே சொல்லியிருக்கலாம். அக்காதான் வாய் திறந்தாள்.

"மன்னிச்சிடுங்க. என் கைதான் இன்னிக்கு மக்கர் பண்ணுது. இவன் மேல தப்பில்ல."

"பரவாயில்லம்மா. இன்னொரு நாள் வேற நோயாளிய வெச்சுப் பாக்கலாம்" என்று வந்தவர்கள் கிளம்பினார்கள். அதற்கும் இந்த மகாராசன் தலையாட்டினான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்காவின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, உன் கைல குறையில்ல. நான்தான் தப்பா ஒட்டிட்டேன். உன்னைத் திட்டவும் செஞ்சேன். வெட்கமா இருக்குக்கா."

"தெரியும்டா."

"எப்படி?"

"என் விரல் மடங்குனது எனக்குத் தெரியாதா? படுத்த நாள்லேருந்து இன்னிக்குத்தான் அது உள்ளங்கையைத் தொட்டுச்சு. வந்தவங்க எல்லாரும் விளக்கையே பாத்துட்டு இருந்தாங்க. நீயும் அதைத்தான் பாத்தே."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னொரு தடவை மடக்கிக் காட்டு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பான்?