சர்மிலாவின் இஞ்சின் எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை வாவியில், மண்டூர்த் துறைக்குச் சற்று முன்னால், ஒரு தோணியில் தொடங்கியது. என் மனைவி இமெல்டாவின் அண்ணன் நோபேட் கரை நெருங்கியதும் இஞ்சினை நிறுத்தினார். தோணி தானாக வழுக்கிப் போனது.

"விண்கலமும் இப்படித்தான். பெரும்பாலும் இஞ்சினை நிறுத்திப்போட்டுத்தான் ஓடும்," என்றேன்.

"அங்க கரை எங்க மச்சான் கிடக்கு?"

கரை இல்லை. தடுக்கத் தண்ணீரும் இல்லை. அதனால் அது நிற்காமல், பூமியின் இழுப்பில் அதையே சுற்றும். பாதையை மாற்றத்தான் இஞ்சின்.

2

வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "சர்மிலா விண்வெளியில் தனியாக—" (வேண்டாம். இது தனிமையைப் பற்றிய கதை அல்ல.)

இரண்டாவது: "அதே சுற்றுப்பாதையில், சர்மிலாவின் சிறு கலத்துக்கு முன்னால் விண்வெளி நிலையம் போய்க்கொண்டிருந்தது. மூச்சுக்காற்று குறைந்துவந்தது. எரிபொருள் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் போதும். எட்டிப் பிடிக்க, இஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினாள்."

திருப்தியாகத் தேநீர் குடித்தேன். பாதிக் கோப்பையில்தான் உறைத்தது: பிள்ளையைக் கொன்றுவிட்டேன்.

3

வாவியில் முன்னே போகும் தோணியைப் பிடிக்க வேகத்தைக் கூட்டுவோம். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். சுற்றுப்பாதையில் வேகம் கூட்டினால் கலம் மேலே ஏறும். அங்கே வட்டம் பெரிது, ஓட்டமும் மெதுவானது. ஒரு சுற்று முடியும்போது அவள் இன்னும் பின்தங்கியிருப்பாள்.

பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கலம் கொஞ்சம் கீழே இறங்கும். உள்வட்டம் சிறியது, சீக்கிரம் சுற்றி வந்துவிடலாம். பிறகு இன்னொரு முறை எரித்துப் பழைய வட்டத்துக்கு ஏற வேண்டும்.

(தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லையே என்கிறீர்களா? கலம் தன் எரிபொருளையே வாயுவாக வீசுகிறது. வீசும் திசைக்கு எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. பின்னால் வீசினால் வேகம் கூடும், முன்னால் வீசினால் குறையும்.)

4

ஞாயிறு பூசை முடிந்து, மதியச் சாப்பாட்டில், மாற்றி எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"பிடிக்கிறதுக்கு வேகத்தைக் குறைக்கிறதோ? உனக்கு விசர் மச்சான்!" என்றார் நோபேட்.

"அவர் என்னத்தையும் எழுதட்டும் அண்ணா," என்றாள் இமெல்டா, கரண்டியை என் பக்கம் நீட்டி. "அந்தப் பிள்ளை உயிரோட போய்ச் சேரணும். இல்லாட்டி இந்த வீட்டில இனிமேல் இறால் கறி இல்ல."

நோபேட் தட்டின் விளிம்பில் விரலை ஓட்டினார். பிறகு உள்ளே, சோற்றைச் சுற்றி ஒரு சிறு வட்டம்.

"ஓம்… இந்த வட்டந்தான் கிட்ட. அப்ப அவள் கலத்தை எப்ப திருப்புறாள்?"

5

அதை நான் எழுதவில்லை. நிலையம் முன்னால் மினுங்குகிறது. சர்மிலாவின் விரல் பொத்தானில். இஞ்சினின் வாய் இன்னும் பின்பக்கமாகவே இருக்கிறது. நோபேட் கையைக் கழுவாமல் காத்திருக்கிறார்.

எந்தப் பக்கம் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

திருப்புங்கள்.