கோட்டா முடிந்த வீடு

ஒக்லஹோமாவில் அபாயச் சங்கு ஊதினால் பெண்களும் நாய்களும் பதுங்குகுழிக்குள் இறங்குவார்கள். ஆண்கள் மடக்கு நாற்காலியோடு வாசலுக்கு வருவார்கள், சுழல்காற்று எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்க்க. பார்த்து என்ன செய்யப்போகிறார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

என் கணவர் வெண்டல் அதற்கும் ஒரு படி மேல். ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் பழைய வீட்டைக் காற்று கூரையோடு வாரிக்கொண்டு போனது. அதே மனையில் புது வீடு கட்டினார்.

"நம்ம கோட்டா முடிஞ்சுது வெர்லீன். ஒரே இடத்துல ரெண்டு தடவ அடிக்காது."

காற்று வீட்டு எண் பார்த்துத்தான் வரும் போலிருக்கிறது. கார் கொட்டகைக்கு அடியில் இருந்த பதுங்குகுழியில் பாதியைக் கிறிஸ்துமஸ் விளக்குகளால் அடைத்துவைத்தார்.

போன மே மாதம் டிவியில் வானிலைக்காரர் அறுபது சதவீதம் வாய்ப்பு என்றார். "அப்ப நாப்பது நம்ம பக்கம்" என்று வெண்டல் வாசலில் பீர் குடித்தார். எதிர்வீட்டு ஆர்வல் கிழவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மகள் டான்சியோடு தன் குழிக்குள் இறங்கினார். காற்று ஆர்வல் வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனது. எங்கள் வாசலில் பீர் டப்பாகூடச் சாயவில்லை.

குழியில் இறங்கினால் பிழைக்கலாம் என்றுதானே இதிலிருந்து தெரிகிறது? தெரு வேறு பாடம் படித்தது. வெண்டலின் வாசல் ராசியான வாசலாம்.

"குழி வெட்டுனேன், ஹெல்மெட் வாங்குனேன், வீடு போச்சு" என்றார் ஆர்வல். "அவன் சும்மா ஒக்காந்திருந்தான், ஒரு ஆணிகூட அசையல. இதுக்கு மேல என்னம்மா அத்தாட்சி வேணும்?"

"நீங்க உசுரோட இருக்கீங்களே."

"அது வேற விஷயம்."

இந்த வருடம் சங்கு ஊதியபோது எங்கள் வாசலில் பதினொரு பேர். சுழல்காற்றுக்கு முன்னால் ஆகிற மாதிரி வானம் பச்சையாகிக்கொண்டிருந்தது. டான்சி மடியில் அவளுடைய எட்டு மாதக் குழந்தை. குழிக்குள் நானும் நாயும். கொஞ்ச நேரத்தில் நாயும் மேலே ஏறிப் போய்விட்டது.

பெரியவர்கள் எப்படியோ போகட்டும், அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? மேலே போனேன்.

"குடு டான்சி, கொஞ்சிட்டுத் தரேன்."

வாங்கிக்கொண்டு நேராகக் குழிக்குள் ஓடினேன். "பிள்ளையத் தூக்கிட்டுப் போறா" என்று கத்திக்கொண்டே பதினொரு பேரும் பின்னால் இறங்கினார்கள். கடைசியாக வெண்டல், நாற்காலியோடு. நான் மூடியை இழுத்துத் தாழ்போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். சங்கு அடங்கும்வரை எல்லோருடைய திட்டையும் கேட்டேன்.

காற்று வரவில்லை. நாலு மைல் தள்ளி யாரோ ஒருவருடைய கோதுமை வயலில் சுற்றிவிட்டுப் போயிருந்தது.

"பாத்தியா, வரல" என்றார் வெண்டல்.

"எப்படி வரும்?" என்றார் ஆர்வல். "வெண்டல் இருக்குற எடத்துக்கு அது வராது. வாசலா இருந்தா என்ன, குழியா இருந்தா என்ன?"

இவர்களோடு வாதாடி ஒன்பது வருடத்தை வீணாக்கியிருக்கிறேன். மறுநாளே கிறிஸ்துமஸ் விளக்குகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, குழியின் நடுவில் வெண்டலின் நாற்காலியைப் போட்டேன். அடுத்த சங்குக்கு, ராசி பார்த்து, தெருவே அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.