வால்வில் வைத்த கை

1
இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கை பிரான்சிஸ்காவின் கணவர் மில்ரன், வளைகுடா மின்நிலையம் ஒன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை எனக்கு அனுப்பிய ஒன்பது நிமிடக் குரல்பதிவு. வங்காலையில் மீன் பொரித்துக்கொண்டே கேட்டேன், மீன் கருகிவிட்டது. கடைசியில் அவர், "இதை எழுதிப்போடாதேங்கோ மச்சான்" என்கிறார். எழுதுகிறவனிடம் சொல்லக்கூடிய வசனமா அது?

2
முதல் தொடக்கம்: பாலைவனத்துச் சூரியன் மெல்ல... (வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.)

இரண்டாவது: பம்ப் ஒன்று சரளைக்கல்லை அரைப்பதுபோல் சத்தமிட்டது. நறுவிலிக்குளத்து வயலில் தண்ணி மெசின் அப்படிக் கத்தினால் மணலை இழுக்கிறது என்று அர்த்தம்; உறிஞ்சும் குழாயைச் சற்று உயர்த்துவோம். மின்நிலையத்தில் குழாயை உயர்த்த முடியாது. ஆகவே மில்ரன், மணல் வரத்துக் குறையட்டுமென்று, பம்புக்குள் தண்ணீர் வரும் வால்வைக் குறைக்கக் கைவைத்தார்.

(இடைக்குறிப்பு, அவசரக்காரர் தாண்டலாம்: அது மணல் அல்ல. ஹீட்டரிலிருந்து வடியும் தண்ணீர் கொதிக்கும் நிலையிலேயே ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பம்புக்கு வருகிறது. அந்தத் தொட்டியில் மட்டம் இறங்கினால் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழாகி, பம்புக்குள் போய் வெடிக்கும். வரும் வழியை இன்னும் நெரித்தால் குமிழ் கூடும், பம்பில் கசிவை அடைக்கும் சீல் பிய்யும், பக்கத்தில் நிற்பவர்மேல் கொதிநீர் அடிக்கும்.)

3
பக்கத்தில் நின்றவர் கூட வேலைசெய்யும் வஸீர், சிலாவத்துறைக்காரர். முதல் வரைவில் இவரை மகா புத்திசாலியாக எழுதியிருந்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. பதிவை மறுபடி கேட்டேன்.

"மில்ரன், கையை எடுங்கோ. மணல் இல்லை. போன மாசம் நானும் இப்பிடித்தான் வால்வைப் பூட்டப் போனனான்."

மில்ரன் கையை எடுத்தார். வஸீர் பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வைக் கொஞ்சம் குறைத்தார். தொட்டியில் மட்டம் ஏறியது, சத்தம் அடங்கியது. இருவரும் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார்களாம். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

4
முடிவுகள்.

(அ) சீல் பிய்ந்தது. வஸீரின் முகத்தில்

இல்லை. சுகமாக இருக்கும் மனிதரை ஒரு கதைக்காகப் பொசுக்க எனக்கு மனமில்லை.

(ஆ) மில்ரனின் கை வால்வுப் பக்கமே போகவில்லை. அவருக்கு இதுதான் பிடிக்கும். குளிரூட்டிய அறையில் வேலை என்றே என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

இதைத் தட்டச்சு செய்கையில் பிரான்சிஸ்கா பின்னால் நின்று எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள்.

"அண்ணா, அவர் கையை எடுத்தது உண்மைதானே?"

"ஓம்."

"வஸீர் நானாவுக்கு ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லை."

கதிரையில் பொத்தென்று இருந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

அவள் அவரிடம் என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். திட்டலாம், அழலாம், இரண்டையும் சேர்த்தே செய்யலாம். அவர் கையை எடுத்ததை மட்டும் மாற்றாதீர்கள்.