தருமன் பேரில் ஒரு குவாரி

தசரதன் வக்கீலிடம் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1971ல். திருவண்ணாமலை கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் ஒரே அறைதான் ஆபீஸ். மழை வந்தால் கேஸ் கட்டுகளை மேசைமேல் ஏற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாக நின்றுகொண்டிருப்போம். அடி அண்ணாமலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளை அவர். கோபம் ஜாஸ்தி, வருமானம் கம்மி.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பொன்னியின் கேஸ். 1973 கோடையில் ஒரு மிராசுதாரரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது வெடி முந்திக்கொண்டது. பொன்னியின் புருஷன், மண்ணாங்கட்டி என்று பேர், கிணற்றுக்குள்ளேயே செத்துப்போனான். "குடிச்சிட்டு எறங்கினான், நான் என்ன பண்றது?" என்று கூண்டில் நின்று சொன்னார் மிராசுதார்.

வக்கீல் எழுந்தார். "அவன் குடிச்சிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் பார்த்தேனே. வாடை அடிச்சுது."

"பார்த்துட்டுமா கிணத்துல எறக்கினீங்க?"

அந்தக் கேள்வியிலேயே கேஸ் ஜெயித்தது. ஒரு கூலியின் பெண்டாட்டிக்கு நஷ்டஈடு கிடைத்தது எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் தடவை. மறுவாரத்திலிருந்து மாடிப்படியில் ஆள் நிற்க ஆரம்பித்தது.

1977 தேர்தலில் ஒரு கட்சி அவரைத் தேடி வந்தது. பொன்னி கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வந்தாள். "என் தாலி போனப்போ எனக்காகக் கேள்வி கேட்ட ஒரே ஆளு இவருதான்" என்று அவள் சொன்ன இடத்திலெல்லாம் ஓட்டு விழுந்தது. அவர் எம்.எல்.ஏ. ஆனார். கேஸ்களையெல்லாம் அவருடைய ஜூனியர் கஸ்தூரி எடுத்துக்கொண்டாள். நான் பகலில் கஸ்தூரிக்கு கேஸ் கட்டு தூக்கினேன், காலையில் அவருக்குச் சிபாரிசுக் கடிதம் டைப் அடித்தேன்.

அவர் ஒரே நாளில் மாறவில்லை. முதல் வருஷம் ஒவ்வொரு மனுவையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வருஷம் யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். தேர்தலுக்கு லாரியும் ஜீப்பும் விட்ட ராஜேந்திரன் வந்தால் அதையும் கேட்பதில்லை.

1979 ஆவணியில் ராஜேந்திரன் ஒரு காகிதத்தோடு வந்தான். அடி அண்ணாமலைக்குத் தெற்கே கல்குவாரி வைக்க மனுப் போட்டிருந்தான். வெடிமருந்துக் கொட்டகைக்குப் பக்கத்தில் கூலிக்காரர்களின் குடிசை இருக்கிறது, அதனால் அனுமதி தரக்கூடாது என்று தாசில்தார் எழுதிவிட்டார். எம்.எல்.ஏ. ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அவர் வீட்டுக் கூடம் முழுக்க ஜனம் காத்திருந்தது. அவர் நின்றபடியே சொல்ல, நான் அடித்தேன். "நண்பர் ராஜேந்திரன் நடத்தவிருக்கும் குவாரிக்கு, குடிசை பற்றிய ஆட்சேபணையைப் பொருட்படுத்தாமல் அனுமதி வழங்கலாம்."

நான் கையை எடுத்தேன். "சார், கொட்டகை ரொம்பக் கிட்டத்துல இருக்குதுனு..."

"தெரியும்யா. அடி."

அடித்தேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

1980 தேர்தலிலும் அவரே ஜெயித்தார். 1981 மாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கொட்டகை வெடித்தது. டவுனில் கோர்ட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குவாரிக் கூலிகள் ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒருவன் தருமன், பொன்னியின் ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வயசு. கால் விரலில் இருந்த பழைய தழும்பை வைத்துத்தான் அவனைப் பொன்னி அடையாளம் சொன்னாள்.

சாவோடு அது முடியவில்லை. மூன்றாம் நாள் ராஜேந்திரன் போலீசில் ஒரு லைசென்ஸைக் காட்டினான். குவாரி தருமன் பேரில் இருந்தது. வேலைக்குப் பேர் பதியணும் என்று சொல்லி வாங்கிய கையெழுத்து அது. "எனக்கும் குவாரிக்கும் சம்மந்தமில்ல. லாரி வாடகைக்கு விட்டேன், அவ்ளோதான்" என்றான். மற்ற ஆறு குடும்பத்துக்கும் தர்மமாகக் கொடுப்பதுபோல் ஏதோ கொடுத்தான். வாங்கியவர்கள் தெருவில் பொன்னியைக் கண்டால் காறித் துப்பினார்கள். காசியம்மாள் என்பவள் புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் துடைப்பத்தை எடுத்து வீசினாள். "உம் புள்ள மொதலாளி ஆவணும்னு எங்க வூட்டு ஆம்பளையக் கொன்னுட்டான்!"

பொன்னி அந்தத் தெருவை விட்டுப் போய், ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள்.

கஸ்தூரி அவளுக்காக ராஜேந்திரன்மேல் வழக்குப் போட்டாள். குவாரி யாருடையது என்பதுதான் வழக்கே. ராஜேந்திரன் பேரைச் சொல்லும் எம்.எல்.ஏ. கடிதம் இருந்தால் போதும். ஆனால் தாலுகா ஆபீஸ் கட்டில் ராஜேந்திரன் போட்ட மனுவும் இல்லை, அந்தக் கடிதமும் இல்லை. யாரோ கழற்றிவிட்டார்கள். தசரதன் என்னைக் கூப்பிட்டார்.

"கார்பன் காப்பி வெச்சிருக்கியா?"

"இருக்குது சார்."

"கொளுத்திடு."

"சார், தருமன் நம்ம பொன்னி புள்ள."

"யாரு புள்ளனு எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். அப்புறம் குரலை இறக்கி, "ராமகிருஷ்ணா, அது வெளிய வந்தா நான் கொலைகாரன். புரியுதா?" என்றார்.

ஒரு வாரம் அதை வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். எட்டாம் நாள் கஸ்தூரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் சாட்சி சொல்ல வந்த அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. பத்து வருஷம் எந்த இடத்தில் நின்று மற்றவர்களைத் திணற அடித்தாரோ, அதற்கு எதிரே கூண்டில் ஏறி நின்றார். கஸ்தூரி காகிதத்தை நீட்டினாள். அவளுக்கு வக்கீல் தொழில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"இந்தக் கடிதம் நீங்க சொல்லி எழுதுனதுதானே சார்?"

அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதில் என் கையெழுத்து இல்லை. இது வெறும் கார்பன் காப்பி. என் டைப்ரைட்டர் குமாஸ்தா வசம்தான் இருக்கு. அவர் யாருக்காக இதை அடிச்சார்னு எனக்குத் தெரியாது."

என்னைப் பார்க்காமலே சொன்னார். பின்வரிசையில் இருந்த பொன்னி எழுந்து, "வக்கீலய்யா!" என்றாள். கோர்ட்டு டவாலிச் சேவகன் அவளை உட்காரச் சொன்னான்.

வழக்குத் தோற்றது. குவாரி தருமனுடையதுதான் என்று தீர்ப்பில் எழுதினார்கள். ஏழு சாவுக்கும் செத்துப்போன ஒருவன் பொறுப்பானான். பொய்க் கடிதம் தயாரித்ததாக என்னை ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். வெளியே வந்ததும் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தேன். கஸ்தூரி ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டாள். அது வருஷக்கணக்கில் தூங்கியது.

1984 தேர்தலில் கட்சி தசரதனுக்கு சீட் தரவில்லை. சீட் ராஜேந்திரனுக்குப் போனது. அவன் ஜெயித்தான். இவர் பழையபடி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். வேப்பமரத்தடியில் மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பார். ஒருத்தரும் வக்காலத்துக் கொடுக்கவில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு நாள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். இளைத்துப் போயிருந்தார். "கஸ்தூரிகிட்ட அழைச்சிட்டுப் போ. நான் வாக்குமூலம் தர்றேன். கடிதம் என்னுதுதான்னு."

"ஜெயில்ல போட்ருவாங்க சார்."

"சட்டம் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி பொன்னியப் பார்க்கணும்."

விடுதியின் பின்கட்டில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கடிதம் எழுதினது, கூண்டில் பொய் சொன்னது, இப்போது உண்மையை எழுதித் தரப்போவது. அவள் கழுவின தட்டை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த ராஜேந்திரன் உங்க சீட்டப் புடுங்கலன்னா, இன்னிக்கு நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

பொய் சொல்ல அவருக்கா தெரியாது? ஆனால், "தெரியலம்மா" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "சரி, எழுதிக் குடுங்க. எம் புள்ள பேரு சுத்தமாவணும். உங்கள மன்னிச்சுட்டேன்னு மட்டும் எங்கியும் எழுதாதீங்க."

1987ல் ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது; பொன்னியின் அப்பீல் ஜெயித்தது. பொய்சாட்சிக்காக தசரதனுக்கு ஆறு மாசம். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். வக்கீல் பட்டியலிலிருந்தும் பேரை அடித்துவிட்டார்கள். அவர் வேலூர் ஜெயிலுக்குப் போன பத்தாம் நாள் பொன்னி என்னிடம் வந்தாள்.

"சார், அந்தத் தீர்ப்ப எங்க தெருவுல வந்து படிக்கணும்."

கஸ்தூரி தமிழில் எழுதிக் கொடுத்த தாளோடு அடி அண்ணாமலைக்குப் போனோம். பகல் வேளை. ஆறு வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்தார்கள். நான் படித்தேன். "இந்தக் குவாரி தருமனுடையது அல்ல. அவன் அங்கே தினக்கூலிக்கு வேலை செய்தவன். அவனுடைய கையெழுத்து ஏமாற்றி வாங்கப்பட்டது."

"இன்னொரு தபா படிங்க சார்" என்றாள் பொன்னி. படித்தேன்.

காசியம்மாள் தலையைக் குனிந்தபடி பேசினாள்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் பொன்னி. அவன் எங்களோடதான கூலி வாங்கினான். காசு குடுத்தாங்க. புள்ளைங்க பட்டினியா கெடந்துச்சிங்க. வாங்கிக்கினோம்."

பொன்னி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தெரியுமாம் சார்" என்றாள். "வாங்க, போலாம். மத்தியானத்துப் பாத்திரம் அப்படியே கெடக்குது."

காசியம்மாள் பின்னாலேயே வந்து தெருமுனைவரை கூப்பிட்டாள். பொன்னி திரும்பிப் பார்க்காமல் செங்கம் ரோட்டை நோக்கி நடந்தாள்.