என் வயிற்றில் இருந்தது தண்ணீர்

எங்கள் ஓக்லஹோமா ஊரில் ஒரு பெண்ணுக்கு வயிறு உப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமும் ஆகவில்லை, கேட்க வேண்டுமா!

போன வருடம் என் மூளையில் தேங்கிய நீரை வடிக்கக் குழாய் வைத்தார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, வயிற்றில் போய் முடிகிற குழாய். ஆபரேஷன் நல்லபடியாக முடிய சர்ச்சில் ஜெபம் செய்தவர்களே இந்த ஊர்க்காரர்கள்தான். வயிறு உப்பியதும் குழாய் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

கிளினிக் நர்ஸ் மறுபடியும் சிறுநீர்க் கோப்பையை நீட்டினாள்.

"போன வாரமே இல்லேன்னு வந்துச்சே!"

"சில பேருக்கு லேட்டா காட்டும், கண்ணு."

"யானைக்குக்கூட இவ்வளவு லேட்டாகாது. குழாயைப் பாருங்க!"

"குழாய் தலைக்கு வெச்சது. இது வயிறு."

வந்த ஆத்திரத்தில் கோப்பையை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். காலியாக இருந்ததால் விட்டேன்.

ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், அம்மா நம்பினால் போதும் என்றிருந்தேன். திரும்பும் வழியில் காரை ஓட்டியபடியே அம்மா கேட்டாள்: "யாருடி அவன்? சொல்லிடு, திட்டமாட்டேன்."

"யாரும் இல்லம்மா. சத்தியமா இல்ல."

"சரி," என்றாள். அதில் நம்பிக்கை துளியும் இல்லை. பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தபோதும், "உன்னைச் சுமந்தப்போ எனக்கும் இப்படித்தான்" என்று உப்பு பிஸ்கட்டைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பைபிள் வகுப்பு என்று சொல்லி, சர்ச்சில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தும் வெர்னெட்டா என்னை சர்ச் கூடத்துக்கு அழைத்துப்போனாள். பைபிளைக் காணோம். பலூன், கேக், டயப்பர் மூட்டை! பிறக்கப்போகிற குழந்தைக்கு விருந்தாம்.

"நாங்க எல்லாரும் உன்னை மன்னிச்சிட்டோம், ரேலின்," என்று கட்டிக்கொண்டாள்.

"எதுக்கு மன்னிக்கிறீங்க? என் வயித்துல புள்ளை இல்ல, மிஸ் வெர்னெட்டா!"

கத்தியதும் தலை வெடிப்பதுபோல வலித்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கேக் மேசையோரமே விழுந்தேன்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குழாயின் முனையைச் சுற்றி ஒரு பை உருவாகி, மூளை நீரெல்லாம் அதற்குள் தேங்கி, குழாயும் அடைத்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப அபூர்வமா வர்றது," என்றார் டாக்டர் அம்மாவிடம். "இன்னும் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்."

பையை வடித்து, குழாயின் முனையை இதயத்துக்கு மாற்றினார்கள்.

தட்டை வயிற்றோடு வீடு திரும்பிய மறுநாளே வெர்னெட்டா கதவைத் தட்டினாள். கையில் கோழியும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட கேசரோல், கண்ணில் கண்ணீர்.

"குழந்தையைக் கர்த்தர் எடுத்துக்கிட்டார், ட்வைலா. மனசைத் தேத்திக்கோ," என்று அம்மாவிடம் பாத்திரத்தை நீட்டினாள்.

எங்கள் ஊரில் வீடு தேடி வந்த கேசரோலை யாரும் வேண்டாம் என்பதில்லை, பேச்சுவார்த்தை இல்லாதவள் கொண்டுவந்தாலும்கூட. அம்மா கை நீட்டவில்லை.

"என் பொண்ணு வயித்துல இருந்தது தலைத் தண்ணி. புள்ளை இல்ல. எடுத்துட்டுப் போ, வெர்னெட்டா."

கதவைச் சாத்தினாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது.

"இதை அன்னிக்குக் கார்லயே சொல்லியிருந்தா என்னம்மா?"

அம்மா சமையலறைக்குப் போய், மிச்சமிருந்த உப்பு பிஸ்கட்டைக் குப்பையில் போட்டாள்.