ஏழாம் பெட்டியில் இருந்த ஜெர்சி

மதிப்பீட்டாளர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லோயிஸ் டிரெக்ஸ்லர் தன் அப்பாவின் வீட்டுக்கு வந்தாள். பேஸ்மென்ட்டில் இருந்த ஏழாம் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துப்போய்த் தன் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினாள். அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு வேலை செய்ய நேர்ந்ததே என்று தன்னையே நொந்துகொண்டாள். உறைக்குள் இருந்தது திருட்டுப் பொருள் என்று அவள் முப்பத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா ஆர்வில், ஹாலோவே ஊரின் பேஸ்பால் அணியான ஓட்டர்ஸுக்கு உடைகளையும் மட்டைகளையும் பராமரிக்கிற வேலையில் இருந்தவர். 1966இல் அணி கோப்பையை வென்ற மறுவாரம், ரோலி டாக்கெட் அணிந்து ஆடிய பதினேழாம் எண் ஜெர்சி உடைமாற்றும் அறையிலிருந்து காணாமல் போனது. அறைச் சாவி ஆர்விலிடம் மட்டும்தான் இருந்தது. யாரும் போலீஸுக்குப் போகவில்லை. ஆனால் அடுத்த வருடம் அவரை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. காகித ஆலையில் காவலாளியாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றார். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டார். பந்து, ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை, பழைய டிக்கெட் என்று சேர்ப்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

1988இல் கிறிஸ்துமஸ் விளக்குகளைத் தேடிப் பேஸ்மென்ட்டுக்குப் போனபோதுதான் லோயிஸ் அந்த உறையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் வழியாகச் சாம்பல் நிறத் துணியும் 17 என்ற எண்ணும் தெரிந்தன. பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்பாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை. மூடி வைத்துவிட்டு மேலே வந்துவிட்டாள்.

இந்தப் பிப்ரவரியில் ஆர்வில் தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தார். சேகரிப்பு லோயிஸுக்கும் அவள் தம்பி கர்ட்டுக்கும் சரிபாதி என்று உயிலில் இருந்தது. எழுத்துப்பூர்வமாக மதிப்புப் போட்டாக வேண்டும் என்றார் வக்கீல். அதற்காகத்தான் மில்வாக்கியிலிருந்து இங்ரிட் சோபோட்டா என்ற அம்மாள் வந்தார்.

லோயிஸும் கர்ட்டும் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அட்டைகளில் பாதி முனை தேய்ந்தவை என்று ஒதுக்கினார். பிறகு கையெழுத்துப் போட்ட நாற்பத்து மூன்று பந்துகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல முப்பத்தொண்ணு ஒரே ஆள் போட்ட கையெழுத்து. பெட்டி மேல எழுதியிருக்காரே, அதே கை. உங்க அப்பாதான்" என்றார்.

அப்பா கள்ளக் கையெழுத்தும் போட்டாரா என்று லோயிஸ் பதறினாள். இங்ரிட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தக் காலத்தில் இது சகஜம் என்றார். கூடை கூடையாகப் பந்து வந்தால் ஆட்டக்காரர்களுக்குப் பொறுமை இருக்காது, சாமான் பார்க்கிறவரே அவர்கள் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுவார் என்றார். அவற்றுக்கு விலை என்று பெரிதாக எதுவும் கிடையாதாம்.

பிறகு ஆர்வில் கைப்பட எழுதிய பட்டியல் நோட்டை எடுத்து, பெட்டி பெட்டியாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏழாம் பெட்டி. ஒரு ஜெர்சி, எண் பதினேழுன்னு எழுதியிருக்கார். பெட்டியில காணோமே."

கர்ட் சட்டென்று நிமிர்ந்தான். "இருக்கணுமே. நேத்துகூட இருந்துச்சே" என்றவன், அதோடு வாயை மூடிக்கொண்டான்.

"நேத்து நீ எதுக்கு இங்க வந்த?" என்று கேட்டாள் லோயிஸ்.

கர்ட் மேஜையைப் பார்த்தபடியே சொன்னான். "எடுத்துட்டுப் போய் ஆத்துல போட்டுடலாம்னுதான் வந்தேன். கையில எடுத்தேன், மனசு வரல. உள்ளயே வெச்சுட்டுப் போயிட்டேன்."

"உனக்கும் தெரியுமா?"

"பேஸ்மென்ட்டுல தண்ணி வந்துச்சுன்னு பெட்டியெல்லாம் நகத்தினோமே, அப்பலேர்ந்து தெரியும். உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். சரி, இப்ப அது எங்க?"

"என் கார்ல."

இங்ரிட் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். லோயிஸ் 1966இல் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். இங்ரிட் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கொண்டுவாங்க, பார்க்கிறேன். ஆனா முன்னாடியே சொல்லிடறேன், களவு போனதுதான்னு தெரிஞ்சா நான் அப்படித்தான் எழுதுவேன்."

லோயிஸ் எழுந்து காருக்குப் போனாள். சாவி கையில் இருந்தது. அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அப்பா ஒளித்து வைத்த பொருளை எதற்காகப் பட்டியலில் எழுதினார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. உறையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து மேஜைமேல் வைத்தாள்.

இங்ரிட் மடிப்பைப் பிரித்துக் கழுத்துப் பட்டையை வெளிப்பக்கம் திருப்பினார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏமாத்தமா இருக்கும், மன்னிச்சுக்கோங்க. இது அந்த ஜெர்சி இல்ல."

கர்ட் எழுந்தே நின்றுவிட்டான்.

"உள்ள பாருங்க, எப்படித் துவைக்கணும்னு அச்சடிச்ச பட்டி தெச்சிருக்கு. துணியில இதெல்லாம் வைக்க ஆரம்பிச்சதே எழுபதுகள்லதான். அறுபத்தாறுல அவங்க போட்டது கம்பளி. இது பாலியஸ்டர். பின்னாடி செஞ்ச நகல். அசல்னா இருபதாயிரம் டாலர்கூடப் போயிருக்கும். இதுக்கு நூறு கிடைச்சா அதிகம்."

கர்ட் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். லோயிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் போனதற்கு இப்படி முகம் மலர்ந்தவர்களை இங்ரிட் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருங்க, கீழ் ஓரத்துல உள்பக்கம் ஏதோ எழுதியிருக்கு" என்று விளக்கை அருகில் இழுத்துப் படித்தார். "'ஆர்வில், இருபதாம் வருஷ விழாவுக்கு உன்னைக் கூப்பிடாதவனுங்க முட்டாளுங்க. மேடையில எனக்குக் குடுத்தது இது, நீ வெச்சுக்க. இதையாவது நீ எடுத்தேன்னு எவனும் சொல்ல முடியாது. ரோலி, 1986.'"

தன்னிடம் இருந்த டாக்கெட்டின் கையெழுத்து மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அசல் கையெழுத்துத்தான் என்றார். விலை கொஞ்சம் ஏறும் என்றும் சொன்னார். இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

லோயிஸ் அந்த மையெழுத்தை விரலால் தடவினாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் வேறொன்று உறுத்தியது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் கர்ட். முப்பத்தஞ்சு வருஷம்."

"கேட்டிருந்தா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பார். அப்புறம் அவரே எடுத்துக் காட்டியிருப்பார்" என்றான் கர்ட். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அசல் ஜெர்சி எங்கே போனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அட்டைகளையும் நல்ல பந்துகளையும் விற்றுவிடலாம், ஆர்வில் கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பந்துகளையும் ஆளுக்குக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே பேசி முடித்தார்கள். முப்பத்தொன்றை எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் சின்னச் சண்டை வந்தது. ஒன்றை இங்ரிட்டுக்குக் கொடுத்ததும் அதுவும் தீர்ந்தது.

கிளம்பும் முன் இங்ரிட் படிவத்தை லோயிஸ் பக்கம் நகர்த்தினார். ஜெர்சிக்கு எதிரே 'எப்படிக் கிடைத்தது' என்ற கட்டத்தை வீட்டார்தான் நிரப்ப வேண்டுமாம். லோயிஸ் பேனாவை வாங்கி, 'நண்பர் கொடுத்தது' என்று நிதானமாக எழுதினாள். கர்ட் அடுப்பைப் பற்றவைத்து, மூன்று பேருக்கும் சேர்த்துச் சாஸேஜ் வறுக்கத் தொடங்கினான்.